துண்டு: ஒரு சொல்லும் பல செய்திகளும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் நினைவாகப் பேசும்போது ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேசுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தோம். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவரத் தொடங்கியது. மறு ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914 மே 5 அன்று மறையும்வரை அந்த வார இதழில் அவர் விடாமல் செய்த வேலை, புழங்கும் சொற்களை நிறுத்திவைத்து விசாரிப்பது. பண்டிகையின் பெயரானாலும் சாதியின் பெயரானாலும், ‘இது எங்கிருந்து வந்தது, யார் இப்படிச் சொல்லத் தொடங்கினார்கள், சொல்வதால் யாருக்கு லாபம்’ என்று கேட்டார். அவருடைய விடைகள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. கேட்கும் முறையை விட்டுவிட முடியாது. ‘வேஷ பிராமணர்’, ‘யதார்த்த பிராமணர்’ என்று அவர் பிரித்ததை நினைத்துப் பாருங்கள். வேஷம் என்பது உடுத்துகிற விஷயம். உடுப்பை வைத்து அதிகாரம் எப்படி நிற்கிறது என்று ஒரு சொல்லிலேயே காட்டிவிட்டார்.

நாங்கள் எடுத்துக்கொண்ட சொல்லும் உடுப்பைப் பற்றியதுதான். துண்டு. எல்லார் வீட்டுக் கொடியிலும் தொங்குகிற சாதாரணத் துண்டு.

எங்களுக்கு இந்தச் சொல் உறுத்தத் தொடங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் கோயில் கொடை. சேரியைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் புது வேட்டி கட்டி, தோளில் மடித்த துண்டு போட்டு, ஊர்த்தெரு வழியாக நடந்து போனார்கள். துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார்கள் அங்கே நின்றவர்கள். இவர்கள் கட்டவில்லை. அடி விழுந்தது. ஒருவருக்குக் கை எலும்பு முறிந்தது. மறுநாள் காலை ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திச் செய்தி வந்தது: ‘துண்டு போட்டதில் தகராறு: இருவர் காயம்.’ உள்ளே ‘இரு தரப்பினர்’, ‘வாய்த்தகராறு’, ‘கைகலப்பு’. அவ்வளவுதான்.

அன்று மருத்துவமனை வாசலில் இருந்த டீக்கடையில் நாங்கள் நின்றிருந்தோம. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்தார். ‘பஸ்ஸில சீட்டுப் பிடிக்கத் துண்டு போட்டதுக்கா இப்படி அடிச்சிக்கிறானுங்க?’ என்றார். அவர் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. தமிழ் தெரிந்த எவருக்கும் அந்தத் தலைப்பு அப்படித்தான் புரியும். அச்சாகியிருந்த சொற்களில் பொய் என்று எதையும் சுட்டிக் காட்ட முடியாது. துண்டு போட்டார்கள், தகராறு நடந்தது, இருவருக்குக் காயம். எல்லாம் உண்மை. நடந்தது மட்டும் அதில் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் நண்பர்கள் நாலைந்து பேர் நாளிதழ், வார இதழ்களில் ‘துண்டு’ வருகிற இடங்களைக் கத்தரித்துச் சேர்க்கத் தொடங்கினோம். இது கணக்கெடுத்துச் செய்த ஆய்வு அல்ல. படிப்பவர்கள் வைத்துக்கொண்ட ஒரு நோட்டு. அதிலிருந்துதான் இன்று பேசுகிறோம்.

வெட்டியதுதான் துணி

துண்டு என்றால் முதலில் வெட்டுப்பட்ட ஒன்று, ஒரு பகுதி. தறியில் நீளமாக வருவதை வெட்டினால்தான் உடுக்க முடியும். அதனால் தமிழில் துணிக்கும் வெட்டுக்கும் நெருங்கிய உறவு. துணிதல் என்றால் வெட்டுப்படுதல். துணி என்றாலும் அதுதான். துணிக்குப் பழைய பெயர் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவர் உண்டு. அவர் துணி வியாபாரி. இன்றைய வாசகர் ‘அறுவை’ என்றதும் மருத்துவமனையைத்தான் நினைப்பார்.

ஆக, இந்தச் சொல்லுக்குள் இரண்டு பொருள் எப்போதும் சேர்ந்தே குடியிருக்கிறது. ஒன்று தோளில் கிடப்பது. மற்றொன்று வெட்டப்பட்டது. செய்தித்தாள் இந்த இரண்டையும் வைத்து அன்றாடம் விளையாடுகிறது. விளையாட்டில் யார் ஜெயிக்கிறார்கள், யார் காணாமல் போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

இடம் பிடிக்கும் துண்டு

அரசியல் செய்திகளில் அதிகம் புழங்குவது ‘துண்டு போடுதல்’. பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே சன்னல் வழியாகத் துண்டை வீசி இருக்கையைப் பிடிப்போமே, அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. ‘கூட்டணிக்குத் துண்டு போடும் கட்சி’, ‘மாநிலங்களவை சீட்டுக்கு இப்போதே துண்டு’, ‘அமைச்சர் பதவிக்குத் துண்டு போட்ட எம்.எல்.ஏ.’ என்று வாரத்துக்கு நாலு தலைப்பு பார்க்கலாம். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஓர் உரிமையும் இல்லாமல், முந்திக்கொண்டவன் என்ற ஒரே தகுதியில் இடத்தைத் தனதாக்குகிற செயலுக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது.

இந்தத் தலைப்பில் வசை இல்லை, செல்லமான கேலிதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சன்னல் வழியாகத் துண்டு வீசுகிறவர் சாமர்த்தியசாலி. அரசமைப்புச் சட்டத்தின்படி தனி இருக்கை பெறுகிறவரைப் பற்றி எழுதும்போது இந்தச் செல்லம் காணாமல் போய்விடும். ‘தகுதி’, ‘திறமை’, ‘சலுகை’ என்ற சொற்கள் வந்துவிடும். இட ஒதுக்கீட்டைத் திட்டுகிறவர்கள் தினமும் துண்டால் இடம் ஒதுக்கிக்கொண்டுதான் பயணம் செய்கிறார்கள்.

துண்டே போட முடியாத நாற்காலிகளும் இருக்கின்றன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. அந்த நாற்காலிகளில் ஒரு தலைவர் முறையாக உட்கார 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேலவளவில் தேர்தலில் நின்று வென்ற தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு பேருந்தில் ஊர் திரும்பும்போது வழிமறித்துக் கொல்லப்பட்டார். பேருந்து இருக்கைக்கும் ஊராட்சி நாற்காலிக்கும் ஒரே சொல்லைப் போட்டுச் சிரிக்கிற மொழியில், அந்தப் பேருந்தை நாம் மறக்க முடியாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் எல்லா ஏடுகளிலும் வந்தது. சட்டம் அவருக்குப் போட்ட துண்டை யாரோ எடுத்துக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள்.

விழும் துண்டு

அடுத்தது ‘துண்டு விழுதல்’. மாதக் கடைசியில் வீட்டிலும் துண்டு விழும், பட்ஜெட்டிலும் துண்டு விழும். வரவைவிடச் செலவு கூடினால் இடையில் விழுகிற பள்ளம்தான் துண்டு. நிதிநிலை அறிக்கை வரும் நாளில் ‘இத்தனை ஆயிரம் கோடி துண்டு’ என்று தலைப்பு வைப்பது தமிழ் ஏடுகளின் பழைய வழக்கம். ‘பற்றாக்குறை’ என்பதைவிட இது மக்கள் மொழி. கூலி வேலைக்குப் போகிற எங்கள் அம்மாக்களுக்குக் கூடப் புரிகிற மொழி. இதில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை எங்கே என்றால், ‘துண்டு விழுந்தது’ என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுவதில். மழை பெய்தது போல, ஓடு விழுந்தது போல, துண்டும் தானாக விழுந்துவிடுகிறது. விழுந்த துண்டை யாரிடமிருந்து எடுத்து ஒட்டினார்கள் என்பதுதான் செய்தி. பட்டியல் சாதி மக்களின் எண்ணிக்கை விகிதத்துக்கு ஏற்ப அவர்களுக்குத் திட்டநிதி ஒதுக்க வேண்டும் என்பதற்காக 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி அந்த விகிதம் 20 விழுக்காடு. ஒதுக்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவது நாடெங்கும் நடக்கிறது. 2010இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிச் செலவுக்கு இந்த நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான கோடி போனது நாடாளுமன்றத்தில் பேசப்பட்ட விஷயம். விளையாட்டுக்கு விழுந்த துண்டை நம் பிள்ளைகளின் விடுதிச் சோற்றிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். அன்று ‘துண்டு’ என்ற சொல்லைத் தலைப்பில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

போர்த்தும் துண்டு

ஒரே அளவுத் துணி, ஆளைப் பொறுத்துப் பெயர் மாறுவதைச் செய்திகளில் பாருங்கள். அமைச்சருக்குப் போர்த்தினால் பொன்னாடை அல்லது சால்வை. சங்கீத வித்துவான் தோளில் கிடந்தால் அங்கவஸ்திரம். கட்சி மாறி வந்தவருக்குப் போட்டால் கட்சித் துண்டு. வயலில் நிற்பவர் தோளில் கிடந்தால் வெறும் துண்டு. துப்புரவுத் தொழிலாளியின் முகத்தைச் சுற்றியிருந்தால், படத்தின் கீழே பெயரே கிடைக்காது.

நிறமும் ஒரு பெயர்தான். பச்சைத் துண்டு என்று எழுதினால் விவசாயி என்று படிக்க வேண்டும். நாராயணசாமி நாயுடு காலத்திலிருந்து உழவர் போராட்டத்தின் அடையாளம் அது. அந்தப் போராட்டங்களின் நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை. பச்சைத் துண்டு போட்டவர் ‘விவசாயி’, அவர் வயலில் நாற்று நடுகிறவர் ‘விவசாயக் கூலி’ என்று செய்தி பிரிப்பதைத்தான் சொல்கிறோம். நெல்லை விளைவிக்கிற கை இரண்டாமவருடையது. ‘விவசாயிகள் பிரச்சினை’ என்று பக்கம் ஒதுக்கும்போது அவருக்கு அதில் இடமில்லை. காரணம் நிலம். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஆங்கிலேய அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களைச் செங்கல்பட்டில் இழந்தோம். நம்மிடம் மிஞ்சியிருப்பது துண்டு துக்காணி. இங்கேயும் அதே சொல்தான் வந்து நிற்கிறது.

மாட்டுச் சந்தைக் கட்டுரைகளில் இன்னொரு துண்டு வரும். இரண்டு தரகர்கள் கைகளைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரல்களால் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு எதுவும் தெரியாது. இதை அரசியலுக்கு இழுத்து, ‘துண்டுக்குள் நடந்த பேரம்’ என்று எழுதுகிறார்கள். நல்ல உவமைதான். மூடிய துணிக்குள் பேசப்படுவது மாட்டின் விலை, ஆனால் மாட்டைக் கேட்பதில்லை. தேர்தல் நேரத்தில் ‘தலித் வாக்கு வங்கி’ என்று எழுதப்படும் பத்திகளைப் படிக்கும்போது எங்களுக்கு அந்த மாடுதான் நினைவுக்கு வரும்.

இறங்கும் துண்டு

தோளிலிருந்து துண்டு இடுப்புக்கு இறங்குவது, கக்கத்துக்குள் போவது. பத்திரிகை மொழியில் இது பணிவுக்கான உவமை. ‘டெல்லியின் முன் துண்டை இடுப்பில் கட்டி நிற்கிறார்கள்’ என்று எழுதுவார்கள். கேலிப் படத்தில் தலைவர்கள் கக்கத்தில் துண்டை இடுக்கிக் கூன் போட்டு நிற்பார்கள். வாசகர் சிரிப்பார்.

நம்மில் பலருக்கு இது உவமையே இல்லை. எங்கள் தாத்தா தெருமுனை வந்ததும் துண்டை எடுப்பதைச் சிறுவர்களாகப் பார்த்திருக்கிறோம். எடுக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. வெயிலில் கண் தானாகச் சுருங்குவது போலக் கை தானாகத் தோளுக்குப் போகும். அந்தக் கைப்பழக்கத்தை உண்டாக்க எத்தனை தலைமுறை அடி விழுந்திருக்க வேண்டும்!

ஆவணமும் இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. குடையும் செருப்பும் ஆகாது. பெண்கள் மேலுடம்பைத் துணியால் மறைக்கக் கூடாது. நகையும் பூவும் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் இந்தப் பட்டியலைத் தந்திருக்கிறார். எட்டில் பாதி உடுப்பைப் பற்றியது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை உரிமைக்காக 1822 முதல் 1859 வரை அலை அலையாகப் போராட வேண்டியிருந்ததும் இதே கதைதான். 1859 ஜூலை 26 அரசாணையிலும்கூட, மேல்சாதிப் பெண்கள் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு இடையில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மதுரையில் மேலாடையைத் துறந்தார். பத்து ஆண்டு கழித்துச் சர்ச்சில் அவரை அரைநிர்வாணப் பக்கிரி என்றார். துறந்தது செய்தி, ஏளனம் செய்ததும் செய்தி. துறக்கவே ஒன்றும் இல்லாமல் வைக்கப்பட்டிருந்தவர்களின் மேலுடம்பு அப்போது செய்தி ஆகவில்லை. அம்பேத்கர் இதை வேறு விதமாகப் பார்த்தார். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டுவதை விட்டுவிடச் சொன்னார். அவர் அணிந்த கோட்டும் சூட்டும் இதே பேச்சின் தொடர்ச்சி.

தமிழ்நாட்டில் துண்டு உரிமை என்றதும் எல்லாரும் சொல்வது, செட்டிநாட்டுப் பகுதியில் நாதஸ்வரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்தைத் தோள் துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்க வேண்டாம் என்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி துணை நின்ற நிகழ்ச்சி. பெருமைக்குரிய நிகழ்ச்சி. மேடைகளிலும் மலர்களிலும் அது திரும்பத் திரும்ப எழுதப்பட்டதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. அதே காலத்தில் கொம்பும் பறையும் வாசித்த நம் முன்னோர் எடுத்த துண்டுகளையும் எடுக்க மறுத்த துண்டுகளையும் எழுத ஆள் இல்லை. ஒரு துண்டு வரலாற்றில் நிற்க, துணிவு மட்டும் போதாது. அதை அச்சில் ஏற்றுகிற கையும் வேண்டும்.

துண்டானது யாரால்?

இப்போது வெட்டு என்ற பொருளுக்கு வருகிறோம். குற்றச் செய்திகளில் ‘துண்டு’ வராத நாள் இல்லை. ‘தலை துண்டான நிலையில்’, ‘கை துண்டாகி’, ‘துண்டு துண்டாக’. மாணவர்கள் இங்கே இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். ‘துண்டித்தான்’ என்றால் செய்தவன் ஒருவன் வாக்கியத்துக்குள் வந்தே தீர வேண்டும். ‘துண்டிக்கப்பட்டது’ என்றால் செய்தவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். யாரால் என்று கேட்கவாவது முடியும். ‘துண்டானது’ என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பழம் கனிந்தது போல, கயிறு அறுந்தது போல, தலை துண்டானது.

2015 ஜூனில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் ஒரு தலித் பொறியியல் பட்டதாரியின் உடல் கிடந்தது. தலை துண்டான நிலையில் என்றுதான் செய்தி சொன்னது. தற்கொலை என்ற பேச்சும் கிளம்பியது. ‘தண்டவாளம்’ என்ற சொல்லும் ‘துண்டான’ என்ற சொல்லும் சேர்ந்தால் வாசகர் மனத்தில் ரயில்தான் வெட்டுகிறது. அந்த வினைச்சொல்லை மாற்ற, அவருடைய தாயும் வழக்கறிஞர்களும் தோழர்களும் ஏழு ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து ஆயுள் தண்டனை விதித்தது.

தீர்ப்பு வரும்முன் ஒருவரைக் கொலைகாரன் என்று எழுத முடியாது. சட்டம் அதை அனுமதிக்காது. செய்தியாளர்களுக்கு இது உண்மையான நெருக்கடி. ஒத்துக்கொள்கிறோம். குடும்பத்தார் என்ன புகார் கொடுத்தார்கள், யார் மேல் கொடுத்தார்கள், எந்தச் சட்டப் பிரிவைக் கேட்டார்கள் என்று எழுதச் சட்டத் தடை எதுவும் இல்லை. எங்கள் நோட்டில் உள்ள செய்திகளில், குற்றம் சாட்டப்பட்டவர் எளிய மனிதராக இருக்கும்போது அவர் பெயர், தெரு, தொழில் எல்லாவற்றோடும் செய்வினை வாக்கியம் வந்துவிடுகிறது. சாதியும் செல்வாக்கும் உள்ளவராக இருக்கும்போது வாக்கியம் தானாகவே கூச்சப்படுகிறது.

‘துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள்’ என்ற தொடரும் அப்படித்தான். கிரிக்கெட்டில் தோற்றவர்கள், ரெய்டுக்குப் பயந்தவர்கள் எல்லாரும் ஏடுகளில் இப்படி ஓடுகிறார்கள். 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்தபோதும், 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் வீடுகள் எரிந்தபோதும் மக்கள் உண்மையாகவே துண்டையும் துணியையும் விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களுக்குக் கிடைத்த சொல் ‘மோதல்’, ‘பதற்றம்’, ‘இரு பிரிவினர்’. ஒரு தரப்பு வீடுகள் மட்டும் எரிந்தால் அது எப்படி மோதல் ஆகும்?

துண்டுச் செய்தி, துண்டுப் பிரசுரம்

கடைசியாக, அச்சுக்கூடத்தின் சொந்தத் துண்டுகள். ஒற்றைப் பத்தியில் நாலு வரி வந்தால் துண்டுச் செய்தி. நம் மக்கள் மேல் நடக்கும் வன்கொடுமைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிகபட்சம் கிடைப்பது அதுதான். ஒரு துண்டுச் செய்தி அடுத்த துண்டோடு சேராது. போன வாரம் ஒரு ஊரில் செருப்பு, இந்த வாரம் இன்னொரு ஊரில் துண்டு, அடுத்த வாரம் பைக். மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் இது தகராறு அல்ல, ஒழுங்காக நடக்கிற ஓர் ஏற்பாடு என்று தெரியும். சேர்த்துப் பார்க்கும் வேலை செய்திமேசையில் நடக்க வேண்டும்.

செய்திமேசையில் யார் இருக்கிறார்கள்? 1996இல் டெல்லியில் மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியால் ஒரு தலித் பத்திரிகையாளரையாவது பார்த்துவிட வேண்டும் என்று தேடி, ஒருவரையும் காண முடியாமல் அதையே கட்டுரையாக எழுதினார். 2006இல் டெல்லி ஊடகங்கள் 37இல் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை ஆராய்ந்தபோது அதில் ஒரு தலித்தோ பழங்குடியோ இல்லை. 2019 ஆய்வொன்றில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தனர். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை. தோளில் துண்டு போட்டதற்கு அடி விழும் என்பதை வீட்டில் பார்த்து வளர்ந்த ஒருவர் மேசையில் இருந்திருந்தால், ‘துண்டு போட்டதில் தகராறு’ என்ற தலைப்பு அச்சுக்குப் போயிருக்குமா?

நம் கையில் இருந்தது துண்டுப் பிரசுரம். ஒரு தாள், இரண்டு பக்கம், கொட்டை எழுத்து. நாம் வளர்த்த பத்திரிகையியல் அதுதான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பெயர் வைத்து இதழ் தொடங்கியதும், பண்டிதர் ஒரு பைசாவுக்கு இதழ் விற்றதும் இதே தேவையிலிருந்துதான். நமக்கு நடந்ததை நாம்தான் முழு வாக்கியமாக எழுத வேண்டியிருந்தது.

அந்த இரு இளைஞர்கள் கதையின் மீதியைச் சொல்கிறோம். புகார் எழுதும்போது, ‘துண்டு போட்டதில் தகராறு’ என்ற செய்தியைக் காட்டி, இது சாதாரணத் தகராறு என்று காவல் நிலையத்தில் பேசினார்கள். எதிர்ப்புகாரும் வாங்கப்பட்டது. நாங்கள் இரவோடு இரவாக ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தோம். தலைப்பு: ‘தோளில் துண்டு போட்டதற்காகச் சாதி சொல்லி அடித்தார்கள்.’ பழைய தலைப்பைவிடச் சில சொற்கள் கூடுதல். அதை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் வாதாடிய பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் சேர்ந்தன. வழக்கு நெடுங்காலம் இழுத்தது. கை முறிந்தவர் பிழைப்புக்குத் திருப்பூர் போனார். முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். சொல் மாறாமல் இருந்திருந்தால் வழக்கே இருந்திருக்காது என்பது மட்டும் உறுதி.

மாணவர்களே, சட்டம் இதில் ஏடுகளைவிடத் தெளிவாக இருக்கிறது. 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நகையும் நல்லுடையும் அணிவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதையும், உடையை வலிந்து களைவதையும், மீசையை மழிப்பதையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. துண்டை எடுக்கச் சொல்வது இந்த வகைக் குற்றம். ‘தகராறு’ என்பது அதன் பெயர் இல்லை.

ஆகவே செய்தி படிக்கும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வினைச்சொல்லுக்கு எழுவாய் இருக்கிறதா? ‘இரு தரப்பு’ என்றால் இரு தரப்பிலும் காயமும் இழப்பும் இருக்கிறதா? இந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர வேண்டியது? விடை இல்லையென்றால் ஆசிரியருக்கு எழுதுங்கள். வரவில்லையென்றால் நீங்களே ஒரு தாளில் எழுதி, நகலெடுத்து, பேருந்து நிலையத்தில் கொடுங்கள். ஊடகப் படிப்புப் படிக்கிறவர்கள் அந்த மேசைக்கே போய் உட்காருங்கள். அங்கே உங்களுக்காக யாரும் துண்டு போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

போகும்போது தோளில் துண்டு போட்டே போங்கள்.

ஜெய்பீம்.